சங்கத்தின் மினிட்ஸ் நோட்டை உறுப்பினர் பார்ப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரில் நாங்கள் குடியிருக்கும் நகரில் ஒரு வருடம் மாதச் சந்தா நூறு ரூபாயிலிருந்து இருநூறாக ஏறியது. ரசீதின் அடியில் "செயற்குழுத் தீர்மானப்படி" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு வரி. எந்தத் தேதித் தீர்மானம், என்ன காரணம் என்று அன்றைய செயலாளரிடம் கேட்டேன். "என்ன சார், எங்க மேல சந்தேகமா?" என்றார். அவர் நேர்மையானவர். ஆனாலும் மினிட்ஸ் நோட்டை, அதாவது கூட்டத் தீர்மானங்களை எழுதிவைக்கும் புத்தகத்தை, கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. நானும் விடவில்லை. நான்கு மாத இழுபறிக்குப் பிறகு நோட்டைப் பார்த்தேன். தீர்மானம் ஒழுங்காகவே இருந்தது. தெருவிளக்குச் செலவு, வாட்ச்மேன் சம்பள உயர்வு, மழைக்கு முன் வாய்க்கால் தூர் வாருவது என்று மூன்று காரணங்களும் எழுதியிருந்தார்கள். முதல் நாளே காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த நான்கு மாதத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் சந்தா கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் நானே மூன்று வருடம் செயலாளராக இருந்தேன். நோட்டைக் கேட்டவனாகவும், நோட்டை வைத்திருந்தவனாகவும் இருந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். குடியிருப்போர் நலச்சங்கம், மனமகிழ் மன்றம், விளையாட்டு கிளப், படிப்பகம், பழைய மாணவர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் என்று எதில் நீங்கள் உறுப்பினராக இருந்தாலும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். நோட்டைப் பார்ப்பது உறுப்பினரின் சாதாரண வேலை. சந்தேகம் வந்தால்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பதால்தான் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் கோபம்.

முதல் படி: சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ரெட்டிச்சாவடியில் வீடு, பாகூரில் நிலம், கன்னியக்கோயில் பக்கம் வேலை என்று எல்லையின் இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். பல சங்கங்களிலும் உறுப்பினர்கள் அப்படித்தான் கலந்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இதில் கணக்கில்லை. சங்கம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சட்டம். ரசீதிலோ லெட்டர்பேடிலோ "பதிவு எண்" என்று ஓர் எண்ணும் வருடமும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் பதிவானது என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும், 1978-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1978-ல். அதற்கு முன் பழைய மத்தியச் சட்டத்தில் பதிவான சங்கங்களும் இப்போது இதன் கீழ்தான் வருகின்றன. அதனால் "எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்துச் சங்கம், இந்தச் சட்டம் எங்களுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இதற்குப் பதிவாளர், மாவட்டப் பதிவாளர்.

புதுச்சேரியில் பதிவானது என்றால் அந்தப் பழைய சட்டமே, அதாவது 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். இருபதே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம். உறுப்பினர் மினிட்ஸ் நோட்டைப் பார்ப்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் வேறு இரண்டு பிரிவுகள் உங்களுக்கு உதவும். 4-ஆம் பிரிவின்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து பதினான்கு நாட்களுக்குள் நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 19-ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம்.

சில கிளப்புகள் கம்பெனியாகப் பதிவாகியிருக்கும். அப்படியானால் உங்கள் வேலை மிகவும் சுலபம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பொதுக்கூட்ட மினிட்ஸை வேலை நாட்களில் குறைந்தது இரண்டு மணி நேரம் உறுப்பினர் பார்வைக்கு வைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கூடாது. நகல் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதே சமயம் இயக்குநர் குழுவின் மினிட்ஸைப் பார்க்கும் உரிமையை இந்தப் பிரிவு உறுப்பினருக்குத் தரவில்லை.

மற்றவை சுருக்கமாக: கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனிச் சட்டம், தனிப் பதிவாளர். தொழிற்சங்கம் என்றால் 2025 நவம்பர் வரை 1926-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்குப் பின் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமையை உறுப்பினருக்குத் தந்திருந்தது. டிரஸ்ட் என்றால் சங்கத்தில் இருப்பது போன்ற உறுப்பினர் உரிமையே அங்கே இல்லை, அறங்காவலர்கள்தான் எல்லாம். பதிவே செய்யாத சங்கமாக இருந்தால் உங்களுக்குள் எழுதிவைத்துக்கொண்ட விதிகளும் வழக்கமும்தான் துணை.

இரண்டாம் படி: பைலாவை வாங்குங்கள்

நோட்டைக் கேட்கும் முன் பைலாவைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதை நான் தவறவிட்டதால்தான் என் விஷயம் நான்கு மாதம் இழுத்தது. "உரிமை இருக்கு" என்று வெறுமனே சொன்னால் "எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். விதி எண்ணைச் சொன்னால் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

பைலா என்பது சங்கத்தைப் பதிவு செய்யும்போது கொடுத்த துணை விதிகள். செயலாளரிடம் ஒரு பிரதி இருக்கும். இல்லை என்றால் கவலை வேண்டாம், பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் இருக்கும். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதி, கட்டணம் செலுத்தி, சான்றிட்ட நகலாக வாங்கிக்கொள்ளலாம். சான்றிட்ட நகல் என்பது முக்கியம். சங்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் பல சமயம் பழைய பைலாவாக இருக்கும். இடையில் திருத்தம் நடந்திருக்கலாம். தமிழ்நாட்டில் பைலாவைத் திருத்தினால் அது பதிவாளரிடம் பதிவாக வேண்டும். அதனால் அவரிடம் இருப்பதுதான் நடப்பில் உள்ளது.

பைலாவில் தேட வேண்டியவை இவை. பதிவேடுகளைப் பார்வையிடுவது பற்றி ஏதாவது விதி இருக்கிறதா? இந்தப் பக்கம் பதிவான பல சங்கங்களின் பைலாவில், அலுவலக நேரத்தில் பதிவு அலுவலகத்தில் கணக்குகளையும் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தையும் உறுப்பினர் இலவசமாகப் பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு விதி இருக்கும். கடைசிப் பக்கங்களில், "பொது" என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். அடுத்து, மினிட்ஸை யார் எழுத வேண்டும், யார் பாதுகாக்க வேண்டும் என்பது. அது செயலாளரின் கடமைகளில் இருக்கும். அப்புறம் பொதுக்குழுவுக்கும் செயற்குழுவுக்கும் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், எத்தனை பேர் என்பது. கடைசியாக, சந்தா பாக்கி வைத்தவரின் உரிமை என்ன ஆகும் என்பது.

இந்தக் கடைசி விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி இருந்தால் அந்தச் சட்ட நடவடிக்கைகளில் ஓட்டுப் போடவும் முடியாது, உறுப்பினராக எண்ணவும் மாட்டார்கள். கடலூர்ச் சங்கங்களின் பைலாவிலும் இதுபோல் ஏதாவது இருக்கும். எனவே நோட்டைக் கேட்கும் முன் பாக்கியைக் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள். சந்தா உயர்வையே எதிர்த்துக் கேள்வி கேட்பதாக இருந்தாலும், ஆட்சேபணையோடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

மூன்றாம் படி: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"பத்து வருட மினிட்ஸ் எல்லாம் வேண்டும்" என்று கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதைக் கேட்டதும் நிர்வாகிகள் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள், இவர் கேஸ் போடத்தான் கேட்கிறார் என்று பேச்சு கிளம்பும். ஒரு தீர்மானம், ஒரு தேதி, ஒரு விஷயம் என்று கேளுங்கள். சந்தா உயர்ந்த தீர்மானம், மண்டபத்தை வாடகைக்கு விட்ட தீர்மானம், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களை மாற்றிய தீர்மானம். இப்படி.

பொதுக்குழு மினிட்ஸும் செயற்குழு மினிட்ஸும் வேறு வேறு. பொதுக்குழுவில் நீங்களே உட்கார்ந்திருக்க உரிமை உண்டு. அங்கே நடந்ததை எழுதிவைத்ததைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல எந்த நியாயமும் கிடையாது. செயற்குழுவுக்கு வரும்போது பைலா என்ன சொல்கிறதோ அதுதான். பைலா எதுவும் சொல்லாவிட்டால், முழுப் பக்கங்களைக் கேட்பதைவிட உங்களைப் பாதிக்கும் குறிப்பிட்ட தீர்மானத்தின் நகலைக் கேட்பது நல்லது.

செயற்குழுவில் ஒருவர் மேல் வந்த புகார், ஒரு வீட்டின் பாக்கி விவரம், நடந்துகொண்டிருக்கும் வழக்குக்கு வக்கீல் சொன்ன யோசனை போன்றவையும் பேசப்படும். அவற்றை மறைத்துக் காட்டுவது தவறில்லை என்பதுதான் என் எண்ணம். நான் செயலாளராக இருந்தபோது அந்தப் பகுதிகளின் மேல் வெள்ளைத்தாளை வைத்து மறைத்து மற்றதைக் காட்டினேன். ஒருவரின் வீட்டுச் சங்கடத்தைத் தெரிந்துகொள்ளாமலேயே சந்தா ஏன் ஏறியது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: கேட்பது

முதலில் நேரில், மரியாதையாக, தனியாகக் கேளுங்கள். பொதுக்கூட்ட மேடைக்கு முன்னால் எழுந்து நின்று கேட்டால் செயலாளருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடும். மாலை நேரத்தில் வீட்டுக்குப் போய், "அண்ணே, சந்தா ஏத்தின தீர்மானத்தை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும், எப்ப வரட்டும்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் காட்டிவிடுவார்கள். "எப்ப வரட்டும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காட்டுவீர்களா என்ற கேள்வியை எழுப்பாமல் நேரத்தை மட்டும் கேட்கிறீர்கள்.

பத்து, பதினைந்து நாள் பாருங்கள். "நோட்டு தலைவர் வீட்டில்", "தலைவர் ஊரில் இல்லை", "ஆடிட்டரிடம் போயிருக்கிறது" என்று பதில்கள் சுற்றத் தொடங்கினால் எழுத்துக்கு வந்துவிடுங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"பெறுநர்: செயலாளர் அவர்கள், (சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி).
ஐயா, வணக்கம். நான் நமது சங்கத்தின் உறுப்பினர், உறுப்பினர் எண் ____. நடப்புச் சந்தா செலுத்தியுள்ளேன், ரசீது எண் ____.
சங்கத் துணை விதி எண் ____-ன்படி, ____ மாதம் நடைபெற்ற செயற்குழுக் கூட்டத்தில் மாதச் சந்தாவை உயர்த்தி நிறைவேற்றிய தீர்மானத்தையும், அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவையும் பார்வையிட விரும்புகிறேன். அந்தத் தீர்மானத்தின் நகல் ஒன்றும் தேவை. நகலுக்கான செலவை நான் ஏற்கிறேன்.
இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, (பெயர், முகவரி, தேதி, கையொப்பம்)."

குற்றச்சாட்டு ஒன்றும் எழுதாதீர்கள். "மோசடி", "முறைகேடு" என்ற சொற்கள் கடிதத்தில் இருந்தால், காட்ட நினைத்தவரும் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு "கேட்டுவிட்டேன்" என்று இருக்க வேண்டாம். அங்கே முதல் நாளே அறுபது பதில் வந்து, கேட்டது என்ன என்பதே மறந்துபோகும்.

ஐந்தாம் படி: நோட்டைப் பார்க்கும் நாள்

இதற்குத்தான் நிதானம் வேண்டும். நோட்டு கைக்கு வந்ததும் பலர் நேராகத் தீர்மானத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நோட்டின் உடம்பையும் பார்க்க வேண்டும்.

முதலில் பக்க எண். அச்சடித்த எண் உள்ள கணக்கு நோட்டாக இருந்தால் நல்லது. கையால் எழுதிய எண் என்றால் தொடர்ச்சியாக இருக்கிறதா, நடுவில் தாள் கிழிந்த தடம் தையலில் தெரிகிறதா என்று பாருங்கள். கூட்டத் தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுமுகமாக வர வேண்டும். மார்ச் கூட்டத்துக்குப் பிறகு பிப்ரவரிக் கூட்டம் வந்தால் காரணம் கேளுங்கள். வேறு தாளில் டைப் அடித்து ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தில், தாளும் நோட்டும் சேரும் இடத்தில், தலைவர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். கம்பெனிகளுக்கு மினிட்ஸை ஒட்டவே கூடாது என்று விதியே இருக்கிறது. சங்கங்களில் ஒட்டுவது சகஜம், ஆனால் கையெழுத்தில்லாமல் ஒட்டியது ஆபத்து.

அடுத்தது நம் ஊர்களில் எல்லாச் சங்கத்திலும் உள்ள ஒரு பழக்கம். கூட்டத்துக்கு வந்ததும் நோட்டை நீட்டுவார்கள், வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். மேலே தேதி மட்டும் இருக்கும். தீர்மானங்களைச் செயலாளர் இரண்டு நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து எழுதுவார். நானும் அப்படித்தான் ஆரம்பத்தில் எழுதினேன். வேண்டுமென்றே யாரும் தப்புச் செய்வதில்லை. ஆனால் கையெழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் எதை வேண்டுமானாலும் சேர்க்க முடியும். அதனால் பார்க்க வேண்டியது இதுதான்: கையெழுத்துகள் வருகைக்கானவையா, தீர்மானத்துக்கானவையா? கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறதா, அதில் நெருக்கியடித்து வேறு மையில் ஒரு தீர்மானம் நுழைந்திருக்கிறதா? தலைவர் முடிவில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறாரா?

பிறகு கோரம். வருகைக் கையெழுத்துகளை எண்ணுங்கள். பைலாவில் ஏழு பேர் வேண்டும் என்றிருந்து நோட்டில் ஐந்து கையெழுத்து இருந்தால், தீர்மானம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேள்விக்குரியது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் அந்தக் கையெழுத்துகளில் இருக்கிறதா என்றும் ஒத்துப்பாருங்கள். வராதவர் வழிமொழிந்த தீர்மானத்தை நான் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், போனில் சம்மதம் சொன்னாராம். அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் தீர்மானத்தின் வாசகம். எழுதிக்கொள்ளும்போது பக்க எண், கூட்டத் தேதி, தீர்மான எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சுருக்கி எழுதாதீர்கள், "தேவைப்பட்டால்", "அதிகபட்சமாக" போன்ற சொற்களில்தான் பொருள் மாறும். நோட்டில் பென்சிலால்கூட ஒரு குறி போடக் கூடாது. செல்போனில் படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தில் அடுத்தவர் வீட்டு விவரம் இருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் கையால் எழுதி, கீழே "நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது" என்று செயலாளர் கையெழுத்தைக் கேளுங்கள்.

ஒரு நண்பரை உடன் அழைத்துப் போகலாமா என்று கேட்பார்கள். அவரும் உறுப்பினராக இருந்தால் போகலாம். வெளியாள் வேண்டாம்.

ஆறாம் படி: காட்ட மறுத்தால்

கடிதம் கொடுத்துப் பதினைந்து நாள் போய், நினைவூட்டுக் கடிதமும் கொடுத்து, அதற்கும் பதில் இல்லை என்றால் தலைவருக்கு எழுதுங்கள், செயற்குழு உறுப்பினர் எல்லோருக்கும் நகல் கொடுங்கள். பல நேரம் செயலாளர் மறுத்தது மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கும்படியும் எழுதிக் கேளுங்கள்.

இதற்கிடையே நோட்டு இல்லாமலும் தெரிந்துகொள்ளும் வழிகள் உண்டு. வங்கிக் கணக்கைத் திறந்தபோதும், கையெழுத்துப் போடுபவர்கள் மாறியபோதும் தீர்மான நகல் வங்கிக்குப் போயிருக்கும். வங்கி உங்களிடம் அதைத் தராது, ஆனால் நகல் ஒன்று இருக்கிறது என்பதைச் செயற்குழுவில் சொல்லலாம். நிர்வாகிகள் மாறினால் தமிழ்நாட்டில் படிவம் 7 என்று ஒன்று மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாகும். ஆண்டுக் கணக்கும் அங்கே போகும். இவற்றின் சான்றிட்ட நகலை அங்கேயே வாங்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஒரு தெளிவு தேவை. சங்கத்துக்கே நேராக ஆர்.டி.ஐ. போட்டால் பெரும்பாலும் பயன் இல்லை. அரசின் கணிசமான நிதியில் நடந்தால்தான் ஒரு சங்கம் இந்தச் சட்டப்படி தகவல் தர வேண்டிய பொது அதிகார அமைப்பாகும் என்பதை 2013-ல் கேரளக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனால் பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம். அங்கே தாக்கலான ஆவணங்களை மட்டுமின்றி, சட்டப்படி பதிவாளர் சங்கத்திடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலையும் இந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின் கீழ் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். மேல்முறையீடு கடைசிவரை போனால் கடலூர் மனு மாநிலத் தகவல் ஆணையத்துக்கும், புதுச்சேரி மனு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் போகும்.

அதற்கும் மேலே, தமிழ்நாட்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இருக்கிறது. செயற்குழுவில் பெரும்பான்மையோரோ, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ மனுக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் விவகாரங்களை விசாரிக்கலாம். தானாக முன்வந்தும் விசாரிக்கலாம். விசாரணை என்று வந்தால் நோட்டு மேஜைக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது நூற்றிருபது பேர் உள்ள சங்கத்தில் நாற்பது கையெழுத்து. வீடு வீடாகப் போக வேண்டும், சங்கம் இரண்டாகப் பிரியும். பணம் போயிருக்கிறது, தேர்தலே நடக்கவில்லை என்கிற அளவுக்கு விஷயம் இருந்தால் மட்டுமே இதைத் தொடுங்கள். உண்மையான நிர்வாகி யார் என்ற தகராறை மாவட்டப் பதிவாளர் தீர்த்துவைக்க முடியாது, அது சிவில் கோர்ட்டில்தான் முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். நோட்டைக் காட்ட உத்தரவிடும்படி கேட்டும் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு முன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் பைலாவையும் கடித நகல்களையும் காட்டிப் பேசிவிடுங்கள்.

"நோட்டு வெள்ளத்தில் போய்விட்டது"

நம் பகுதியில் இந்தப் பதிலுக்குத் தனி இடம் உண்டு, பல சமயம் அது உண்மையும்கூட. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் வடகிழக்குப் பருவமழை வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல், அதையடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரோடு பெருகிய தென்பெண்ணை. இவற்றில் வீட்டுப் பத்திரமே நனைந்துபோனவர்கள் இருக்கிறார்கள், சங்க நோட்டு எம்மாத்திரம்? எங்கள் சங்கத்தின் பழைய நோட்டு ஒன்று சேற்றில் ஊறி, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, கையெழுத்து மட்டும் ஊதா நிறத்தில் பரவிக் கிடந்தது.

அப்படிச் சொன்னால் சந்தேகப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள். தொலைந்ததைப் பற்றி உடனடியாக நடந்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்களா? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ள மினிட்ஸ் போயின என்று எழுதியிருக்கிறதா? மீட்க என்ன செய்தார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அடுத்த கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைப் போடச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மீட்கலாம். பதிவாளரிடம் உள்ள நகல்கள், வங்கியிடம் உள்ளவை, ஆடிட்டர் கோப்பு, உறுப்பினர்களுக்கு அனுப்பிய கூட்ட அறிவிப்புகள், யாராவது எடுத்த போட்டோக்கள். இவற்றை ஒரு புது நோட்டில் "மீட்டெடுக்கப்பட்ட நகல்" என்ற தலைப்பில், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு எழுதி, பொதுக்குழுவில் ஏற்க வேண்டும். நினைவில் இருப்பதை வைத்துப் பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது பொய் ஆவணம்தான்.

செயலாளராக இருப்பவர்களுக்கு

உறுப்பினர் கேட்கும் நிலையே வராமல் செய்துவிடலாம். அதற்குப் பெரிய செலவு கிடையாது.

கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை எழுதி, உரக்கப் படித்து, தலைவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். விவாதத்தை எழுத வேண்டாம், தீர்மானமும் காரணமும் போதும். எதிர்த்தவர் தன் பெயரைப் பதியச் சொன்னால் பதியுங்கள். எழுதி முடித்ததும் மிச்ச இடத்தில் குறுக்குக் கோடு. இதைச் செய்யத் தொடங்கியபோது கூட்டம் இருபது நிமிடம் நீண்டது, ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இரண்டு மூன்று கூட்டத்தில் பழகிவிட்டது. பேச்சும் சுருங்கியது, ஏனென்றால் "இதை எப்படி எழுதட்டும்?" என்று கேட்டால் பேசுபவர் விஷயத்துக்கு வந்துவிடுவார்.

ஒரு வாரத்துக்குள் தீர்மானங்களின் சுருக்கத்தை உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புங்கள், ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வயதானவர்கள் செல்போனைவிடப் பலகையைத்தான் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நோட்டைச் சங்க அறையில் வைத்துவிடுங்கள். வந்து பார்ப்பவர் பெயரைத் தனி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். நான்காவது மாதம் ஒருவர் வந்தார், அவரும் செய்தித்தாள் படிக்க வந்தவர்.

பிழை தெரிந்தால் அடிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. அடுத்த கூட்டத்தில் "சென்ற கூட்டத் தீர்மானம் எண் 4-ல் ரூ.15,000 என்பது ரூ.12,000 என்று இருக்க வேண்டும்" எனத் தனித் தீர்மானம் போட்டு, பழைய பக்கத்தின் ஓரத்தில் புதுப் பக்க எண்ணைக் குறியுங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பக்கங்களைப் படம் எடுத்து இரண்டு நிர்வாகிகளின் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாடி வீடு உள்ள ஒருவரிடம் கொடுத்து, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் தீர்மானமாக எழுதுங்கள்.

பொறுப்பு கைமாறும்போதுதான் நோட்டுகள் அதிகம் காணாமல் போகின்றன. தேர்தல் முடிந்த அந்த வாரமே, மொத்தம் எத்தனை நோட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடைசியாக எழுதிய பக்க எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி, பழைய செயலாளரும் புதிய செயலாளரும் இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளின் வாசகத்தைப் புதிய குழுவின் முதல் கூட்ட மினிட்ஸில் முதல் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.